லாரியில் போகும் வைக்கோலும் வயலுக்குத் திரும்ப வேண்டியதும்

சம்பா அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையே உள்ள சாலையில், நெல் மூட்டை ஏற்றிய லாரிகளுக்கு நிகராக வைக்கோல் கட்டு ஏற்றிய லாரிகளும் வரிசையாகப் போகின்றன. முன்பு ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் போராக நின்ற வைக்கோல், அறுவடை இயந்திரமும் அதன் பின்னாலேயே கட்டுக் கட்டும் இயந்திரமும் வந்த பிறகு, உருளைக் கட்டுகளாகிக் கொங்குப் பகுதிப் பால் பண்ணைகளுக்கும் கேரளத்துக்கும் காளான் கூடங்களுக்கும் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது எரிபொருள் பேச்சும் சேர்ந்திருக்கிறது. 2018-இல் வெளியான தேசிய உயிரி எரிபொருள் கொள்கை பயிர் எச்சங்களை எரிபொருளுக்கான மூலப்பொருளாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பயோ-ஈ3 கொள்கை, உயிரிப் பொருள்களை அடிப்படையாகக் கொண்ட உற்பத்தித் தொழில்களை வளர்ப்பதற்கென்றே வந்தது. இவை பற்றிய கூட்டங்களில் எங்கள் வைக்கோலுக்கு வழங்கும் பெயர் ‘வேளாண் கழிவு’.

பெட்ரோலியத்தை விட்டு வயலில் விளைவதை நம்பும் பொருளாதாரத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் இரண்டு போகம் நெல்லும் அதன் பிறகு உளுந்தும் எடுக்கும் ஒரு காவிரி டெல்டா வயலில், யாருக்கும் வேண்டாமல் கிடக்கும் பொருள் என்று எதையும் நான் கண்டதில்லை. வைக்கோலுக்கு ஏற்கெனவே மண், மாடு, மனிதர் என்று மூன்று உரிமையாளர்கள் இருக்கிறார்கள். நான்காவதாக ஒருவர் வரும்போது, முதல் மூவருக்கும் எவ்வளவு திரும்பி வரும் என்ற கேள்விக்கு அவர் விடை வைத்திருக்க வேண்டும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நிலம் வைத்துப் பயிர் செய்துகொண்டும், எங்கள் தெருப் பெண்கள் குழுவோடு வைக்கோலில் காளான் வளர்த்துக்கொண்டும் வரும் அனுபவத்தில் நான் கற்றவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சத்துக் கணக்கு. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் சாம்பல் சத்தில், அதாவது பொட்டாசியத்தில், 80 விழுக்காட்டுக்கும் மேல் தாளிலும் இலையிலும் தங்குகிறது. மணிக்குப் போவது சிறு பங்குதான். தழைச்சத்தில் (நைட்ரஜன்) ஏறத்தாழ 40 விழுக்காடும் மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) மூன்றில் ஒரு பங்கும் அப்படியே வைக்கோலில் நிற்கின்றன. ஒரு டன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ வரை தழைச்சத்தும், 12 முதல் 17 கிலோ வரை பொட்டாசியமும், 40 முதல் 70 கிலோ வரை சிலிக்கானும் உண்டு. பயிர் சாயாமல் நிற்பதற்கும், குலைநோயும் தண்டுத் துளைப்பானும் எளிதில் தொற்றாமல் இருப்பதற்கும் இந்தச் சிலிக்கான் உதவுகிறது என்பதை நெல் பயிரிடுவோர் நினைவில் வைக்க வேண்டும். ஏக்கருக்கு இரண்டு டன் வைக்கோல் வெளியே போவதாக வைத்துக்கொண்டால், குறைந்த கணக்கில் பார்த்தாலும் 24, 25 கிலோ பொட்டாசியம் அதோடு போய்விடுகிறது. கடையில் வாங்கும் 50 கிலோ பொட்டாஷ் மூட்டை ஒன்றில் இருப்பதும் ஏறத்தாழ அதே அளவு பொட்டாசியம்தான். பொட்டாஷ் உரத்துக்கு நம் நாடு கிட்டத்தட்ட முழுவதுமாக இறக்குமதியையே நம்பியிருக்கிறது. ஆகவே வைக்கோல் வாங்க வரும் தரகர், “வயல்ல மக்கிப் போறதுதானேக்கா, எங்களுக்குக் குடுத்தா உங்களுக்கும் நாலு காசு” என்று சொல்லும்போது, அவர் தரும் காசில் ஒரு மூட்டை பொட்டாஷின் விலையைக் கழித்துவிட்டு மீதியைத்தான் வரவாக எழுத வேண்டும் என்பது எங்கள் குழுவில் இப்போது வழக்கமாகிவிட்டது. பல ஆண்டுகளாகப் பொட்டாஷே போடாமல் வைக்கோலையும் விற்றுவரும் வயல்களில், இலை நுனியும் ஓரமும் மஞ்சளாகிப் பழுப்பேறிக் காய்வதை எங்கள் சுற்றுவட்டாரத்திலேயே பார்க்கலாம்.

இந்தச் சத்து எப்படி நகர்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. அறுவடை இயந்திரம் அறுத்துச் செல்லும்போது வைக்கோலை வயல் முழுவதும் பரப்பாமல், தான் போன தடத்தின் நடுவில் நீள வரிசையாகக் கொட்டிக்கொண்டே போகும். பொட்டாசியம் வைக்கோலில் கெட்டியாகப் பிணைந்திருப்பதில்லை. தண்ணீர் பட்டாலே கரைந்து இறங்கிவிடும். வரிசையாகக் கிடக்கும் வைக்கோலின் மேல் ஒரு நல்ல மழை பெய்தால், சத்து அந்த வரிசைக்குக் கீழேயே இறங்குகிறது. அடுத்த பயிர் இருபது, இருபத்தைந்து நாள் ஆகும்போது வரப்பில் நின்று பார்த்தால், அந்த இடங்கள் மட்டும் கரும்பச்சைப் பட்டையாகவும் இடைப்பட்ட இடங்கள் வெளிறியும் தெரியும். எனவே வைக்கோலை வயலிலேயே விடுவது என்று முடிவு செய்தால், அதை உதறிப் பரப்பிவிட வேண்டும். அந்த வேலைக்கு ஆள் கூலி ஆகும்தான், ஆனாலும் அதைச் செலவென்று நான் கருதுவதில்லை.

அப்படியானால் முழு வைக்கோலையும் மடக்கி உழுதுவிடலாமே என்று கேட்போர் உண்டு. குறுவை என்னும் முதல் போகத்தை அறுத்து, அதே வயலில் இரண்டாம் போகமாகத் தாளடி நடும்போது அது எளிதன்று. புரட்டாசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ குறுவை அறுபட்டு, வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் தாளடி நட்டாக வேண்டும் என்னும் நெருக்கடியில், பச்சை வைக்கோலைச் சேற்றில் அமுக்கி உடனே நட்டால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தைத் தமக்கு இழுத்துக்கொள்கின்றன. இளம் பயிர் மஞ்சளித்து, வேர் பிடிக்காமல் நிற்கும். மடக்கி உழுத பிறகு இரண்டு, மூன்று வாரமாவது இடைவெளி வேண்டும். தாளடிக்கு அந்த அவகாசம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. மேலும், நீர் தேங்கிய சேற்றில் மக்கும் பச்சை வைக்கோலிலிருந்து மீத்தேன் மிகுதியாக வெளியேறுகிறது. வெளியில் மக்கவைத்து எருவாக்கிப் போட்டால் அது பெரிதும் குறையும். எரிப்பதைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. எரித்தால் தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையாகப் போகிறது, மணிச்சத்தில் கால்பங்கும் சாம்பல் சத்தில் ஐந்தில் ஒரு பங்கும் போகின்றன, ஊரில் இளைப்பு உள்ளவர்கள் பத்து நாள் தூங்க முடியாமல் தவிக்கிறார்கள்.

ஆகவே எங்கள் ஏற்பாடு போகத்துக்குப் போகம் மாறுகிறது. குறுவை வைக்கோலில் பெரும்பகுதியை வயலைவிட்டு வெளியே எடுத்துவிடுகிறோம். அது மாட்டுக்கும் காளானுக்கும் எருக்குழிக்கும் போகிறது. சம்பா வைக்கோலில் வீட்டு மாடுகளுக்குப் போர் போட்டது போக மீந்ததில் ஒரு பங்கை மட்டும் விற்கிறோம். போர் விஷயத்தில் நாங்கள் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல். புல்லும் இல்லாமல், நனைந்து கறுத்த வைக்கோலை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிய அந்த நாள்களை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த அறுவடை வரை தாங்கும் அளவுக்கு உயரமான மேட்டில் போர் போட்டு, மேலே நன்றாக வேய்ந்த பிறகுதான் தரகரிடம் பேச்சே தொடங்க வேண்டும்.

எந்த உயரத்தில் அறுப்பது என்பதும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை என்பதால் வேகமாக முடிக்க நினைப்பவர்கள் மேலாக அறுக்கச் சொல்கிறார்கள். வைக்கோல் வாங்குபவரோ தரையை ஒட்டி அறுக்கச் சொல்கிறார். தாளை ஒரு சாண் உயரத்துக்குக் குறையாமல் விட வேண்டும் என்று இயந்திரம் வயலில் இறங்குவதற்கு முன்பே ஓட்டுநரிடம் சொல்லிவிடுவது நல்லது. பாதி வயல் அறுத்த பிறகு சொல்லிப் பயனில்லை.

காளானைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரே வைக்கோலிலிருந்து முதலில் உணவு, பிறகு எரு என்று இரண்டையும் எடுக்க முடியும் என்பதை எங்களுக்குக் காட்டியது அதுதான். கார்த்திகை முதல் மாசி வரை எங்கள் பக்கத்துக் குளிர்ச்சிக்குச் சிப்பிக்காளான் நன்றாக வரும். வெயில் ஏறிவிட்டால் அது சுணங்கிவிடும். கோடையில் வளர்ப்பதென்றால் வெப்பம் தாங்கும் பால் காளானுக்கு மாற வேண்டும். புதிய, பொன்னிறமான, மழையில் நனையாத வைக்கோலாகப் பார்த்து எடுக்க வேண்டும். அறுவடைக்குச் சற்று முன்பாகப் பூசணக்கொல்லி தெளித்த வயலின் வைக்கோலில் காளான் வித்து ஓடாது என்பதால், எந்த வயலில் என்ன மருந்து எப்போது அடித்தார்கள் என்று விசாரித்துத்தான் வாங்குகிறோம். அதை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, ஐந்தாறு மணி நேரம் ஊறவைத்து, டிரம்மில் ஒரு மணி நேரம் வேகவைத்து, நிழலில் பரப்பி ஆற்ற வேண்டும். பிறகு காளான் வித்தைச் சேர்த்துப் பாலித்தீன் உறையில் நிரப்பினால், அதுதான் படுக்கை. பதம் பார்ப்பதற்கு, ஒரு பிடி வைக்கோலை எடுத்து இறுகப் பிழிய வேண்டும். உள்ளங்கை ஈரமாக வேண்டும், ஆனால் சொட்டுத் தண்ணீர் விழக் கூடாது. சொட்டினால் படுக்கைக்குள் புளிப்பு வாடை வந்து பச்சைப் பூசணம் பிடிக்கும். உள்ளங்கை காய்ந்தே இருந்தால் வித்து பாதியில் நின்றுவிடும். வித்து வெள்ளையாகப் பரவி முடிய இரண்டரை வாரம் வரை ஆகும். மூன்று முறை அறுத்த பிறகு படுக்கையை எடுத்துவிடலாம்.

ஊறவைத்த தண்ணீர் ஒரு முக்கியமான பொருள். தேநீர் நிறத்தில் இருக்கும் அந்தத் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றிவிடுவதுதான் பல காளான் கூடங்களில் நடக்கிறது. முன்னே சொன்ன பொட்டாசியத்தில் பெரும்பகுதி அதில்தான் கரைந்திருக்கிறது. வாய்க்காலில் ஊற்றினால் சத்து போவதோடு, தண்ணீரும் நாறிக் குளத்து மீனுக்குக் கேடு வருகிறது. நாங்கள் அதைத் தொட்டியில் ஆறவிட்டு, வாழைக்கும் தீவனப் புல்லுக்கும் பாய்ச்சுகிறோம். அதே போல, முடிந்துபோன படுக்கைகளைக் குப்பை மேட்டில் வீசாமல், பாலித்தீன் உறையை முழுவதும் உரித்துவிட்டு, வைக்கோலை மட்டும் சாணியோடு அடுக்கடுக்காகக் குவிக்கிறோம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயோமினரலைசர் என்னும் மக்கவைக்கும் நுண்ணுயிர்க் கலவையை டன்னுக்கு 2 கிலோ என்ற அளவில் சேர்த்து, ஈரம் காயாமல் புரட்டிவிட்டு வந்தால் சம்பாவுக்கு எரு ஆயத்தமாகிவிடும். காளான் ஏற்கெனவே வைக்கோலின் கடினப் பகுதியைச் சிதைத்துவிட்டதால், இது வெறும் வைக்கோலைவிட விரைவாக மக்குகிறது. உறை உரிக்கும் வேலையை அவசரமாகச் செய்தால் பாலித்தீன் துண்டுகள் எருவோடு வயலுக்குப் போகும். ஒரு முறை வயலுக்குப் போனதைத் திரும்பப் பொறுக்கி எடுக்க முடியாது. அந்த வேலையை எப்போதும் பொறுமையான கைகளிடமே கொடுக்க வேண்டும்.

உடல்நலம் குறித்து ஒன்று. சிப்பிக்காளான் விரிந்து முதிர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத அதன் நுண்வித்துத் தூள் கூடம் முழுவதும் பறக்கும். காலையில் உள்ளே போகும் பெண்களுக்கு வறட்டு இருமல் வருவதற்கு அதுவே காரணம். ஓரம் சுருளத் தொடங்குவதற்கு முன்பே பறித்துவிட வேண்டும், உள்ளே போகும் போதெல்லாம் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும், ஏற்கெனவே இளைப்பு உள்ளவர்களை அந்த வேலையில் விடக் கூடாது.

உளுந்துக்கும் வைக்கோல் வியாபாரத்துக்கும் உள்ள மோதல் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதில்லை. சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பாக, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெற்பயிருக்குள்ளேயே உளுந்தையும் பச்சைப் பயறையும் தெளித்துவிடுவது டெல்டாவின் பழைய வழக்கம். மண்ணின் எஞ்சிய ஈரத்திலும் பனியிலுமே அது விளைந்துவிடும். மண்ணுக்குத் தழைச்சத்தையும் வீட்டுக்குப் பருப்பையும் தரும். ஆடுதுறை 3 உளுந்து இந்த நெல் தரிசுக்கென்றே வெளியிடப்பட்ட ரகம். கையால் அறுத்தபோது இதற்கு இடையூறு எதுவும் இல்லை. இப்போது அறுவடை இயந்திரத்தின் பெல்ட் ஒரு முறை நசுக்க, வைக்கோல் வரிசை முளையை மூட, ஒரு வாரம் கழித்து வரும் கட்டுக் கட்டும் டிராக்டர் மறுபடியும் நசுக்க, மூன்று தாக்குதல்களுக்குப் பிறகு வயலில் அரைப் பயிர்தான் மிஞ்சுகிறது. இதனாலேயே பலர் பயறு தெளிப்பதையே விட்டுவிட்டார்கள். ஓர் உணவுப் பயிர் இப்படி மெல்ல மறைவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. எங்கள் அனுபவத்தில், அறுவடை நாளை முன்கூட்டியே உறுதி செய்துகொண்டு அதற்கு மூன்று, நான்கு நாள் முன்பு மட்டும் தெளித்தால், முளை வெளியே நீளாததால் சேதம் குறைகிறது. கட்டுக் கட்டுபவர் அறுவடை முடிந்த இரண்டு நாளுக்குள் வரவில்லை என்றால் அந்த வயலின் வைக்கோல் அவருக்கு இல்லை என்றும் பேசிவிட வேண்டும்.

பயறு போடாத வயல்களில் கிடை போடுகிறோம். மாசி, பங்குனியில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தையோடு வருவது இன்றும் நடக்கிறது. பகலில் தாளும் சிந்திய மணியும் மேய்ந்து, இரவில் வயலில் அடைந்து, அந்த மண்ணுக்கு எருவும் நீரும் தந்துவிட்டுப் போகும் மந்தை அது. தரையோடு அறுத்த ஒரு வயலைப் பார்த்துவிட்டு, “இப்பிடி வழிச்சு எடுத்துட்டா ஆடு எதைத் திங்கும் ஆத்தா?” என்று ஒரு கீதாரி கேட்டார். வைக்கோல் விலையைப் பற்றிப் பேசும் எந்தத் திட்டத்திலும் அவருடைய மந்தை ஒரு வரவாகக் குறிக்கப்பட்டு நான் பார்த்ததில்லை. இதே நிலைதான் உம்பளச்சேரி மாட்டுக்கும். வைக்கோலையும் மேய்ச்சல் புல்லையும் கொண்டே சேற்றில் உழைத்த இந்த மண்ணின் இனம் அது. கொருக்கையில் அரசு பண்ணை வைத்து அதைக் காப்பாற்றி வருகிறார்கள் என்பது ஆறுதல். வீடுகளில் வைக்கோல் போர் இல்லாமல் போனால், மாடு மட்டும் எப்படி நிற்கும்?

உமியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அரிசி ஆலைகள் அதைக் கொதிகலனில் எரித்து நெல்லை அவித்துக்கொள்வது நல்ல பயன்பாடுதான். மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அதைத் தண்ணீர் தெளித்து நனைத்தே ஏற்றி வந்து, நாற்றங்காலில் எருவோடு கலந்து இட்டால், நாற்று வேர் அறாமல் எளிதாகப் பறிபடுகிறது. நனைக்காமல் ஏற்றினால் வழி நெடுகிலும் பறந்து ஊரார் கண்ணில்தான் விழும்.

இவை எல்லாவற்றையும் படித்துவிட்டு, “நிலம் சொந்தமாக இருப்பவர்கள் பேசலாம்” என்று சொல்வோருக்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். டெல்டாவில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தனியார் நிலத்தையும் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்வோர் மிகப் பலர். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் என்று நெல் நின்றுவிட்டால், அறுவடை இயந்திரத்தின் வாடகையைக் கொடுக்கக் கையில் கிடைக்கும் முதல் பணம் வைக்கோல் காசுதான். அடுத்த ஆண்டு இதே வயல் தன்னிடம் இருக்குமா என்று தெரியாத ஒருவரிடம், பொட்டாசியத்தை மண்ணிலேயே விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆகவே சத்தைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பில் பெரும்பங்கு, எடுத்துச் செல்பவரின் மேல்தான் விழ வேண்டும் என்று எங்கள் குழு முடிவு செய்தது.

அதைச் செய்ய முடியும். வைக்கோலிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலையில் வாயுவாகப் பிரிந்து போவது பெரும்பாலும் கரிமமும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். தழை, மணி, சாம்பல் சத்துகள் மூன்றும், வாயு எடுத்த பின் கூழாக எஞ்சி வெளிவரும் குழம்பிலேயே தங்கிவிடுகின்றன. நேரடியாக எரிக்கும் ஆலையில் தழைச்சத்து போய்விட்டாலும், பொட்டாசியமும் சிலிக்காவும் சாம்பலில் இருக்கின்றன. ஆலை எந்த வகையானது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, குழம்போ சாம்பலோ, வைக்கோல் தந்த ஊர்களுக்கே திரும்பி வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்ல வேண்டும். 2020-இல் இந்தப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்தது. மண்ணின் சத்து வெளியேறுவதற்கும் ஒரு கணக்கு வைக்க வேண்டும் என்று கேட்பதற்கு அந்தச் சட்டத்தின் நோக்கமே எங்களுக்குத் துணையாக இருக்கிறது.

ஆலை வரும் வரை காத்திருக்காமல், எங்களிடம் வைக்கோல் வாங்கும் ஒரு பால் பண்ணையுடன் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். வைக்கோல் ஏற்ற வரும் லாரி வெறுமையாக வராமல், பண்ணையில் காய்ந்த சாணியை ஏற்றிக்கொண்டு வருகிறது. ஏற்று கூலி அவர்களுடையது, இறக்கு கூலி எங்களுடையது. கட்டுகளைச் சணல் நூலால் மட்டுமே கட்ட வேண்டும், ஒரு சாண் தாள் வயலில் நிற்க வேண்டும், உளுந்து தெளித்த வயலில் இரண்டு நாளுக்கு மேல் தாமதிக்கக் கூடாது என்பவை மற்ற நிபந்தனைகள். வந்து இறங்கும் சாணியை உடனே வயலில் இடுவதில்லை. மேற்குப் பகுதிகளில் மேய்ந்த மாட்டின் சாணியில் பார்த்தீனியம் என்னும் களையின் விதை இருக்க வாய்ப்புண்டு என்பதால், அதைக் காளான் படுக்கையோடு சேர்த்துக் குவித்து, நடுவில் கையை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறவிட்டு, ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும்படி புரட்டி, மீண்டும் சூடேறிய பிறகே எடுக்கிறோம். குவியலைச் சுற்றி முளைக்கும் செடிகளை வாரம் ஒரு முறை பார்த்து, பார்த்தீனியமாக இருந்தால் பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்கிவிட வேண்டும்.